பதினாறு மணி நேரத் தொலைவு

மைத்துனர் சாத்துக்குடியில் நகத்தைப் பதிக்கப் போன நேரம் பார்த்து அந்தப் பெண் படியேறி வந்தார். தையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு வருகிறவர்கள் வாசலில் கொஞ்சம் தயங்குவார்கள். பலகையில் துப்பறியும் நிலையம் என்று எழுதியிருப்பதை இரண்டு தடவை படிப்பார்கள். இவர் தயங்கவில்லை. நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆளைக் கண்டுபிடிக்கணும். முடியுமா?" என்று கேட்டார்.

மைத்துனருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடிப்போன நாய்க்குட்டி ஒன்றைத் தவிர வேறு வழக்கே வராமல் அந்த அறை காற்று வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சாத்துக்குடியை மேசைமேல் வைத்துவிட்டு, "முடியாம என்னங்க? அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்றார். 'நாங்க' என்று சொல்லும்போது அவர் குரல் எப்போதும் கொஞ்சம் கனக்கும்.

உண்மையில் துப்பறிகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இன்னொருவர். விமான நிலையத்தில், தொலைந்துபோன பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்ததால் அவருக்குப் பெட்டி சார் என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பெட்டிகளை விட்டுவிட்டு ஆட்களைத் தேடத் தொடங்கினார். மைத்துனர் அவருடைய மனைவியின் தம்பி. தையல் மெஷின் விற்றுப் பார்த்து, காப்பீடு விற்றுப் பார்த்து, எதிலும் கால் ஊன்றாமல், ஒரு பழைய காரோடும் ஓயாத வாயோடும் அத்தானிடம் வந்து ஒட்டிக்கொண்டவர்.

"முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க" என்றார் பெட்டி சார்.

வந்தவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அழுகையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவர்போல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. இன்னைக்கு ராத்திரி தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா தாங்க மாட்டாங்கன்னு வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கேன். தம்பி வெளிநாட்டுல இருக்கான். முந்தாநாள் அவன் போன் பண்ணப்போ விஷயத்தைச் சொன்னேன். அங்கேர்ந்து இங்கே தினம் ஒரே ஒரு ப்ளேன்தான் நேரா வருது. நம்ம கணக்குக்கு இன்னைக்கு மதியம் ஏறியிருப்பான். நாளைக்கு விடிஞ்சாத்தான் இறங்குவான். அதுவரைக்கும் அப்பா தாங்குவாரா மாட்டாரான்னு யார் கையிலயும் இல்ல. நான் வந்தது வேற ஒரு ஆளுக்காக."

அன்று பார்வையாளர் நேரம் தொடங்கியதும் டீச்சர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது நர்ஸ் ஒரு செய்தி சொன்னார். யாரோ ஒருவர் வந்து, நினைவில்லாமல் கிடந்த நோயாளியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். யார் என்று கேட்டதும் பின்பக்கப் படி வழியாக விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாராம். கட்டம் போட்ட சட்டை, முப்பதை ஒட்டிய வயது, பாதி முகத்தைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். அதற்குமேல் நர்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நான் உள்ளே போனப்போ அப்பா கண்ணு முழிச்சிருந்தார். 'வந்துட்டுப் போறான், கூப்பிடு'ன்னார். யாருப்பான்னேன். பதில் இல்ல. தம்பியா, தம்பி ப்ளேன்ல வந்துட்டிருக்கான்பான்னேன். முகத்தைத் திருப்பிக்கிட்டார். அப்புறம் மறுபடியும் 'கூப்பிடு, கூப்பிடு'ன்னு அதே வார்த்தை." டீச்சரின் கை தண்ணீர் டம்ளரை விடாமல் பிடித்திருந்தது. "தம்பியைப் பாக்கற பாக்கியம் அவருக்கு இல்லைன்னு தோணுது சார். கடைசியா வாயைத் திறந்து கேக்கறது இந்த ஒரு ஆளைத்தான். இவரையாவது கொண்டுவந்து அவர் முன்னால நிறுத்தணும்."

"உங்க அப்பாவுக்கு வேண்டாதவங்க யாராவது?" மைத்துனர் முந்திக்கொண்டார்.

"அப்பா பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தவர். ஒரு கண்டக்டர் மேல புகார் எழுதி அவருக்கு வேலை போச்சு. ஆனா அவருக்கு இப்போ அறுபது தாண்டியிருக்கும்."

"அப்போ அவரோட பையன்! அப்பனுக்காக மன்னிப்புக் கேக்க வந்திருப்பான். இல்லைன்னா சண்டை போட வந்து, ஆளைப் பாத்ததும் மனசு இளகியிருக்கும்." மைத்துனர் எழுந்தே நின்றுவிட்டார். கார் சாவி கைக்கு வந்துவிட்டது.

"உக்காரு மாப்ளே" என்றார் பெட்டி சார். டீச்சரிடம் திரும்பினார். "வந்தவர் கட்டில் பக்கத்துல எதையாவது தொட்டிருந்தாரா?"

டீச்சர் யோசித்தார். "போர்வையைக் குதிகாலுக்கு அடியில மடிச்சு விட்டிருந்தது. அப்பாவுக்கு அப்படி இருந்தாத்தான் தூக்கம் வரும். நர்ஸ் செஞ்சிருப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் கடிகாரம். ஸ்டூல் மேல ஒரு மேசைக் கடிகாரம் வெச்சிருக்கேன், அப்பா கேட்டாரேன்னு. அது சுவரைப் பாத்துத் திரும்பியிருந்துச்சு."

"கடிகாரம் எதுக்குக் கேட்டார்?"

அந்தக் கேள்விக்குத்தான் டீச்சரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. டைம்கீப்பருக்கு ஒரு பழக்கம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று தெரிந்தால், இந்த நிமிஷம் அது எந்தப் பாலத்தைத் தாண்டுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். மகன் வெளிநாடு போனதும் வீட்டுச் சுவரில் ஒரு உலக வரைபடம் மாட்டினார். இரண்டு ஊருக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து நேராகப் பென்சில் கோடு இழுத்தார். மகன் வருகிறான் என்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோட்டில் விரலை நகர்த்திக்கொண்டே இருப்பார். கட்டிலில் விழுந்த பிறகும் அதே வேலைதான், விரலை மட்டும் போர்வைமேல் நகர்த்தினார்.

"ஒரே ஒரு குறை அவருக்கு" என்றார் டீச்சர். "கணக்கு உதைக்குதும்பார். ஸ்கேல் அளவுப்படி பதினேழாயிரம் கிலோமீட்டருக்கு மேல வருது. ப்ளேனோட வேகத்துக்கு இருபது மணி நேரம் ஆகணும். பதினாறுல வந்துடுதே, எப்படிடான்னு தம்பியைக் கேப்பார். பைலட் ஓட்டிப் பிடிச்சிடுவார்ப்பான்னு அவன் சொல்வான்."

பெட்டி சார் ஜன்னலை விட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "வழியில என்ன பாத்தேன்னு தம்பி சொல்வார்?"

"கடல்தான். கிளம்பினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் கடல். ராத்திரி ஜன்னல்ல பாத்தா கீழே கப்பல் விளக்கெல்லாம் தெரியுமாம். கப்பலெல்லாம் சொல்லி வெச்ச மாதிரி ஒரே பக்கம் பாத்து நிக்குமாம். அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்."

"தம்பி வரும்போது ஏர்போர்ட்டுக்கு யார் போவீங்க?"

"யாரையும் வர வேணாம்பான். டாக்ஸி பிடிச்சு அவனே வந்துடுவான். அவன் போன அன்னைக்குத்தான் எல்லாருமாப் போனோம். ஏழு வருஷம் ஆச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டிட்டு உள்ளே போனான்."

பெட்டி சார் மைத்துனர் பக்கம் கை நீட்டி, "அந்தச் சாத்துக்குடியைக் குடு" என்றார்.

மைத்துனர் மனசில்லாமல் கொடுத்தார். பெட்டி சார் பேனாவால் பழத்தின் இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி வைத்தார். இரண்டும் நடு வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே இருந்தன. கீழே தையல் கடையில் வாங்கி வைத்திருந்த நூலில் ஒரு துண்டு எடுத்து, வயிற்றைச் சுற்றினாற்போல் ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்கு இழுத்துப் பிடித்தார். பிறகு அதே நூலைக் காம்பின் வழியாக, மேலே ஏற்றி இறக்கினார். இந்தத் தடவை நூலில் கால் பங்கு மிச்சம் தொங்கியது.

"உங்க அப்பா கணக்குல தப்பு இல்லைங்க. தட்டையான படத்துல அளந்தார், அவ்வளவுதான். ப்ளேன் இப்படித்தான் வரும், காம்பு வழியா. அதனாலதான் பதினாறு மணி நேரம். கீழே பனி, பாறை, உறைஞ்சுபோன கடல், அப்புறம் மலை. அந்த வழியில ஒரு தடவை வந்தவன்கூட, பூராவும் கடல்னு சொல்ல மாட்டான்."

"தூங்கியிருக்கலாமே அத்தான்?" என்றார் மைத்துனர்.

"தூங்கினவன் ஒண்ணும் பாக்கலைன்னுதான் சொல்வான். கப்பலைப் பாத்தேன்னு சொல்ல மாட்டான். கப்பலெல்லாம் ஒரே பக்கம் பாத்து நின்னா நங்கூரம் போட்டிருக்குன்னு அர்த்தம். நடுக்கடல் ஆழத்துல நங்கூரம் போட முடியாது. துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்திருக்கற கப்பல்தான் அப்படி நிக்கும். அதையும் அவ்வளவு உயரத்துலேர்ந்து பாக்க முடியாது. கரையில ஒரு மாடி ஜன்னல் வேணும்."

டீச்சர் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, விடை வருவதற்குள் அது எங்கே போய் நிற்கும் என்று புரிந்துவிட்டது. இருந்தும் போராடினார். "அவன் லெட்டர்ல அந்த ஊர் ஸ்டாம்ப் இருக்கும் சார். நான் பாத்திருக்கேன்."

"துறைமுகத்துல வேலை பாக்கறவருக்கு மாலுமிங்க சிநேகிதம் கிடைக்காதா? கொண்டுபோய் அங்கே தபால்ல போடுன்னா போட்டுட்டுப் போறாங்க." பெட்டி சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை வேற மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியலைம்மா. உங்க தம்பி அந்த ஊருக்குப் போகவே இல்லை. இங்கேர்ந்து பஸ்ஸுல போற தூரத்துல, ஏதோ ஒரு துறைமுகத்துல இருக்கார். அப்பா இழுத்த பென்சில் கோட்டைப் பாத்துத்தான் தன்னோட பயணத்தையே கட்டியிருக்கார். மத்தியானம் வந்தது அவர்தான். அந்நியன் கடிகாரத்தைத் திருப்பி வெக்க மாட்டான். அது யாருக்காக ஓடுதோ அவனாலதான் அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மைத்துனருக்குச் சாதாரணமாக இந்தக் கட்டத்தில் கை தட்ட வேண்டும்போல இருக்கும். இன்றைக்கு அந்தப் பழத்தை யாராவது எடுத்து மறைத்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

"இங்கேயே இருந்துக்கிட்டு... அப்பா அங்கே துடிச்சுக்கிட்டிருக்கார், பாவி, ஏன் சார் முன்னால வந்து நிக்கலை?" என்றார் டீச்சர்.

"ஏழு வருஷப் பொய்யை இன்னும் ஒரு ராத்திரி காப்பாத்தணுமே. முந்தாநாள் உங்ககிட்டே ப்ளேன்ல வர்றேன்னு சொன்ன நிமிஷமே மாட்டிக்கிட்டார். பஸ்ஸுல ஓடி வந்துட்டார். ஆனா அந்த ப்ளேன் வர்ற வரைக்கும் இவர் வர முடியாது."

அவரை எங்கே தேடுவது என்பதில் மைத்துனர் விட்டதைப் பிடிக்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளை எல்லாம் அலசிவிடலாம் என்றார். பெட்டி சார் தலையசைத்து மறுத்தார். ப்ளேன் தாமதமானால் இவரும் தாமதமாக வர வேண்டும். நேரத்துக்கு வந்து நின்றால் குட்டு உடைந்துவிடும். ஆகவே விமான நிலையத்தில், வருகைப் பலகை கண்ணில் படும் இடத்தில்தான் இருந்தாக வேண்டும். அதோடு, பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் ஊரில் அது ஒன்றுதான்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பாவிடம் போக வேண்டும் என்று எழுந்தவர், வாசலில் நின்று, "திட்டாம கூட்டிட்டு வாங்க" என்றார்.

*

வருகைக் கூடத்தில் நின்ற அத்தனை பேரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டம் போட்ட சட்டை. முழங்காலுக்கு நடுவே பெரிய நீலப் பெட்டி. புகைப்படத்தை எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பெட்டி சார் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "தம்பி, அப்பா உங்களைக் கூப்பிடறார்" என்றார்.

அவன் திடுக்கிட்டு எழவில்லை. ஓடவில்லை. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் இன்னும் வரலையே சார்" என்றான்.

மைத்துனர் நீலப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காவுக்குத் தெரியும்" என்றார் பெட்டி சார். "திட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க."

காரில் போகும்போது அவன் தானாகவே பேசினான். யாரும் கேட்கவில்லை. ஏஜென்ட் கொடுத்த விசா போலி. உள்ளே போன பத்தாவது நிமிஷத்தில் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வரப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, அம்மா, அக்கா, பெரியப்பா வீட்டார் எல்லாரும் இன்னும் கை காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். அவர்கள் கிளம்பட்டும், ஒரு வாரத்தில் வேறு வழி பார்த்துப் போய்விடலாம் என்று நினைத்தான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

"காலைல வந்து இறங்கினதுலேர்ந்து இங்கேயே உக்காந்திருந்தேன் சார். மதியம் அந்த ப்ளேன் அங்கே கிளம்பற நேரம் வந்துச்சு. சரி, இப்ப நான் ஏறிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கு மேல உக்கார முடியலை. ஒரு தடவை காலை மட்டும் தொட்டுட்டு வந்துடலாம்னு போனேன். கண்ணைத் திறந்துட்டார்."

மைத்துனர் காரை விரட்டினார். சிக்னல் ஒவ்வொன்றும் வேண்டுமென்றே சிவப்பைக் காட்டுவதுபோல் இருந்தது. ஹாரன் அடித்தார், யாரையோ திட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. ஏழு வருஷத்தை வீணாக்கியவனுக்கு இன்னும் ஏழு நிமிஷம் கிடைக்காமல் போய்விடுமோ என்று குறுக்குச் சந்தில் காரைத் திருப்பினார்.

டைம்கீப்பர் இருந்தார். மூச்சுதான் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் தம்பியைப் பார்த்தார். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று மைத்துனர் எதிர்பார்த்தார். டீச்சர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிலோரம் நிறுத்தினார்.

"அப்பா. நீங்க கூப்பிட்ட ஆள் வந்தாச்சு."

டைம்கீப்பர் கண்ணைத் திறந்தார். முதலில் ஸ்டூல்மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதை டீச்சர் மறுபடியும் அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பிறகு மகனைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவன் வர வேண்டிய விமானம் பாதி வழிகூட வந்திருக்காது. அறையில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

"எந்த வண்டில வந்தே?" என்று கேட்டார் அப்பா.

மகன் அக்காவைப் பார்த்தான். பெட்டி சாரைப் பார்த்தான். யாரும் அவனுக்கு எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"காலை முதல் வண்டிப்பா."

"அது ஊருக்கு ஊரு நின்னு வருமேடா." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "உக்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுப்பா" என்று சொன்னவன், அப்படியே மடங்கி அவர் காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். டைம்கீப்பர் கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. டீச்சர் அந்தக் கையை எடுத்துத் தம்பியின் தலைமேல் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து டைம்கீப்பர் மறுபடியும் பேசினார். "அம்மாவுக்குத் தெரிய வேணாம். ப்ளேன் வர்ற நேரத்துக்கு வீட்டுக்கு வா."

"அப்பா, அதெல்லாம் இனிமே எதுக்குப்பா?" என்றார் டீச்சர். "போதும்பா. நான் அம்மாகிட்டே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

அவர் மகளைப் பார்த்தார். "உங்கம்மா தாங்க மாட்டா. ஒரே நாள்ல ரெண்டு வேணாம். சரின்னு சொல்லு."

டீச்சர் சரி என்றார். மகனும் சரி என்றான். வார்டில் விளக்குப் போட்ட சமயத்தில் மூச்சு நின்றது. பாதத்தைப் பிடித்திருந்த மகன், அது ஜில்லிட்ட பிறகும் விடவில்லை. பின்படி வழியாக அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முன்படியில் பெரியப்பா வந்துகொண்டிருந்தார்.

*

தம்பியை மறுபடியும் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது அத்தானும் மைத்துனரும் வெகுதூரம் பேசவில்லை. மைத்துனர் பேசாமல் இருப்பது அந்தக் காருக்கே புதுசு.

"அத்தான், ஒண்ணு கேக்கவா?" என்றார் கடைசியில். "அந்தப் பையன் எந்த ஊர்லேர்ந்து வந்தான்னு பெரியவர் கேக்கவே இல்லையே."

"ம்."

"முதல் வண்டின்னுதான் சொன்னான். எந்த ஊர் முதல் வண்டின்னு சொல்லலை. ஊருக்கு ஊரு நின்னு வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பெட்டி சார் திரும்பி அவரைப் பார்த்தார். இத்தனை நாளில் மைத்துனர் தானாகப் பிடித்த முதல் முடிச்சு அது. பிடித்தவர் முகத்தில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

"நான் அதைக் கோட்டை விட்டுட்டேன் மாப்ளே" என்றார் பெட்டி சார். "நீ சொல்றது சரிதான். பஸ் ஸ்டாண்டுல இத்தனை காலம் இருந்தவர். ஏதாவது ஒரு டிரைவர் பையனைப் பாத்துட்டு வந்து சொல்லியிருப்பான். அவருக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

"தெரிஞ்சுமா கோடு போட்டு, கணக்குப் பாத்து, கப்பல் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி..."

"அவன் பொய் சொல்றதுக்கு இவர் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கார். அந்தக் கப்பல் மட்டும்தானே அவன் சொன்னதுல நிஜம். அதனாலதான் அதைத் திரும்பக் கேட்டிருப்பார்."

"அப்போ அந்தக் கடிகாரம் எதுக்கு அத்தான்?"

"பையன் எங்கேயோ பக்கத்துல உக்காந்திருக்கான், ப்ளேன் இறங்காம உள்ளே வர மாட்டான்னு அவருக்குத் தெரியும். கூப்பிடுன்னு மட்டும்தான் சொன்னார், யாரைன்னு வாய் விட்டுச் சொன்னா அவனைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். எவ்வளவு நேரம் பாக்கின்னு பாத்துக்கிட்டுக் கிடந்திருக்கார்."

மைத்துனர் காரை ஓரமாக நிறுத்தினார். "நாம என்ன செய்யணும் அத்தான்? ஏதாவது செய்யணுமே."

"எனக்குத் தெரியலை" என்றார் பெட்டி சார். "பெட்டியா இருந்தா உரியவங்க கையில குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவேன்."

*

விடிந்ததும் விமானம் நேரத்துக்கு வந்தது. டாக்ஸி பிடித்துப் போகும் நிலைமையில் தம்பி இல்லை. மைத்துனர்தான் தன் காரில் கொண்டுபோய் விட்டார். தெரு நெடுகச் செருப்புகளும் நாற்காலிகளுமாகக் கிடந்தன. கார் நின்ற சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து அழுகை ஒரு பிடி உயர்ந்தது.

அம்மா வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். மகனின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "ஒரு நாள் முன்னாடி கிளம்பியிருக்கக் கூடாதாடா? உன்னைப் பாக்காமலே போயிட்டாரேடா. கண்ணை மூடற வரைக்கும் கடிகாரத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தாராம்டா!"

அவள் பின்னால் டீச்சர் நின்றிருந்தார். ராத்திரி முழுக்க அழுத முகம். அவருடைய வாய் ஒரு தடவை திறந்தது. அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு அதை மூடிக்கொண்டார்.

"அவன் என்ன பண்ணுவான், விடு" என்று பெரியப்பா அம்மாவை விலக்கினார். "என்ன பறந்தாலும் பதினாறு மணி நேரம் ஆகுமே. நடந்து வர்ற தூரமா?" பிறகு மைத்துனர் பக்கம் திரும்பினார். "டிரைவர் தம்பி, ப்ளேன் லேட்டா?"

அத்தானிடம் வந்து ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் பதிலில்லாமல் இருந்தவர் அல்ல மைத்துனர். சொல்வதற்கு அவரிடம் எல்லாம் இருந்தது. இவன் வந்தான் அம்மா, அவர் இவனைப் பார்த்தார், உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார். மூன்றே வாக்கியம். அவை நெஞ்சில் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"இல்லைங்க" என்றார். "நேரத்துக்கு வந்துடுச்சுங்க."

கூட்டம் தம்பியை உள்ளே கூட்டிக்கொண்டு போயிற்று. அப்பாவின் காலடியில் அவன் விழுந்த சத்தம் வெளியே கேட்டது. பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லிப் பெரியப்பா சைகை காட்டினார். மைத்துனர் காரின் பின்பக்கம் போய் நீலப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். அதற்குள் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது, காகிதம்போல மேலே வந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, கனமான பெட்டியைத் தூக்குகிறவரைப் போல முக்கி முனகிக்கொண்டு வீட்டுக்குள் சுமந்து போனார்.